கோட்டைக்குள் இன்னும் எத்தனை மேசை?

போன மாதம் இந்தப் பகுதியில் பழைய அரசு அலுவலகக் கட்டடங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சென்னையைப் பற்றியவை. அதனால் இந்த மாதப் பதில்கள் முழுக்கத் தலைநகரத்துக்கே. அரசுத் துறை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் கட்டடப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவள் நான். கூரைமேல் ஏறியும் பதிவறைக்குள் குனிந்தும் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

பேரனோடு மெரினாவுக்குப் போகும்போது எழிலகத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோபுரம் தெரிந்தது. "அது அரண்மனையா, ஆபீசா பாட்டி?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

இரண்டும்தான் அம்மா. அது சேப்பாக்கம் அரண்மனை. 1768-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டி முடித்தது. கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பெரிய பகுதிகள். சுற்றிலும் 117 ஏக்கர் தோட்டமும் மைதானமும் இருந்தன. நீங்கள் பார்த்த கோபுரம் நவாப் காலத்தது இல்லை, பிற்பாடு வந்தது.

1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்துபோனார். கிழக்கிந்தியக் கம்பெனி பட்டத்தை ஒழித்தது, அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அப்புறம் ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வந்து, இரண்டு மகால்களுக்கும் நடுவே அந்தக் கோபுரத்தை எழுப்பி, வருவாய் வாரியத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். கணக்குப் பாருங்கள். அது அரண்மனையாக இருந்தது 87 ஆண்டுகள். அலுவலகமாக இருப்பது 160 ஆண்டுகளுக்கும் மேல். "அரண்மனையில் ஆபீசைக் கொண்டுபோய் வைத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று பலர் வருத்தப்படுவார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. ஆபீஸ் வந்ததால்தான் அது நின்றது. தினமும் பத்து மணிக்கு யாரோ வந்து சன்னலைத் திறக்கிறார்கள், ஒழுகினால் புகார் எழுதுகிறார்கள். ஆள் புழங்காத கட்டடம் நாலு மழைக்காலத்தில் போய்விடும்.

கெடுதல் வேறு இடத்தில் இருந்தது. பின்னாளில் கடற்கரைச் சாலைப் பக்கம் எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டடம் எழுந்து அரண்மனையின் முகத்தை மறைத்தது. உள்ளே துறை பெருகப் பெருக, தாழ்வாரத்தில் ஒட்டுப்பலகைத் தடுப்பு, தடுப்புக்குள் இன்னொரு தடுப்பு, அதன்மேல் பொய்க்கூரை, பொய்க்கூரைக்குள் மின்கம்பி என்று பழைய கட்டடங்களுக்கு வழக்கமாக நேர்வதெல்லாம் நேர்ந்தது.

2012 பொங்கல் விடுமுறையில், ஜனவரி 16 அதிகாலை, கலச மகால் தீப்பிடித்தது. கூரை இடிந்து விழுந்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பெண் அதிகாரி ஒருவர் கடுமையான தீக்காயத்தோடு மீண்டார். சமூக நலத்துறை, தொழில் வணிகத் துறை அலுவலகங்களின் கோப்புகள் சாம்பலாயின. நான் இரண்டு நாள் கழித்துப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். சுவர்கள் நின்றன. வளைவுகள் நின்றன. மேலே வானம் தெரிந்தது. தேக்கு விட்டங்கள் எரிந்த வாசனை அப்போதும் இருந்தது. தொட்டால் சுடாது என்று தெரிந்தும் யாரும் கிட்டே போகவில்லை.

அதன்பின் சீரமைத்தார்கள், நன்றாகவே சீரமைத்தார்கள். இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கலச மகாலில்தான் இயங்குகிறது. ஹுமாயூன் மகாலையும் அண்மையில் சுண்ணாம்பு வைத்தே மீட்டெடுத்தார்கள். பேரனிடம் சொல்லுங்கள்: அது அரண்மனை, அப்புறம் ஆபீஸ், இப்போது ஒரு பகுதி நீதிமன்றம். வாலாஜா சாலையில் நடந்து போனால் அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

என் மகள் தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கிறாள். நாலு பேர் உட்காரும் அறையில் பத்து பேர் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறாள். கோட்டைக்குள் அவ்வளவு இடம் இருக்கிறதே, நாமக்கல் கவிஞர் மாளிகை மாதிரி இன்னொரு பத்து மாடி கட்டினால் என்ன?
— ஒரு வாசகர், ஆவடி

கட்ட முடியாது ஐயா. சட்டம் விடாது.

புனித ஜார்ஜ் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் கொண்டுவந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு வெளியே இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். நாமக்கல் கவிஞர் மாளிகை அந்தத் திருத்தத்துக்கு வெகுகாலம் முன்பே வந்தது. உள்ளே ராணுவமும் இருக்கிறது. நம் கண்ணுக்குக் காலியாகத் தெரிகிற இடமெல்லாம் மாநில அரசு கை வைக்கக்கூடிய இடம் இல்லை.

உங்கள் மகள் சொல்லும் நெருக்கடி உண்மை. அது இன்று வந்ததும் இல்லை. சட்டமன்றத்தின் கதையைப் பார்த்தாலே தெரியும். 1937-இல் பேரவை பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையில் கூடியது. 1952-இல் 375 உறுப்பினர்கள். கோட்டை மன்றத்தில் அத்தனை பேரை உட்காரவைக்க முடியாது என்று அரசினர் தோட்டத்தில் தனியாக மண்டபம் கட்டினார்கள். அதுதான் பிற்பாடு கலைவாணர் அரங்கம் ஆன இடம். ஆந்திரம் பிரிந்தது, மொழிவழி மாநிலங்கள் வந்தன, உறுப்பினர் எண்ணிக்கை 205 ஆகக் குறைந்தது. 1957 ஏப்ரல் 29 அன்று பேரவை மறுபடி கோட்டைக்கே திரும்பியது. கூட்டம் குறைந்ததால் பழைய மன்றமே போதுமானதாகிவிட்டது. 2020-இல் கொரோனா வந்து, இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்றானபோது, பேரவை மறுபடி கலைவாணர் அரங்கத்துக்குப் போனது. எழுபது ஆண்டுகளாக இதே கணக்குத்தான், எத்தனை பேருக்கு எத்தனை சதுரஅடி என்று.

என்னைக் கேட்டால், கோட்டையில் மன்றமும் அமைச்சர்களும் செயலாளர்களும் அவர்களுக்கு நேரே வேண்டிய சிறு பிரிவும் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிற வேலை கோட்டைக்குள்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழிலகம், சைதாப்பேட்டை பனகல் மாளிகை, எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகை என்று இயக்குநரகங்கள் வெளியே இயங்கிக்கொண்டுதானே இருக்கின்றன? கோப்பு கணினிக்கு வந்துவிட்ட காலத்தில், ஒரு கையெழுத்துக்காகப் பியூன் கோப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டியதில்லை. மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருக்கிற அரசு நிலத்தில், எந்தப் பழைய கட்டடத்தையும் இடிக்காமல், ஊழியர்களுக்காக நல்ல காற்றோட்டமான கட்டடம் கட்டிக் கொடுங்கள். உங்கள் மகளுக்குச் சாப்பிட ஒரு இடம், கைகழுவ ஒரு குழாய், சன்னல் பக்கம் ஒரு நாற்காலி கிடைக்கட்டும். கோட்டையும் மூச்சு விடட்டும்.

ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டியது சரியா, அதை மருத்துவமனை ஆக்கியது சரியா? கட்சி சாராமல் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், வேலூர்

கட்சியை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் பேசுகிறேன்.

நடந்தது இது. 2003-இல் ராணி மேரி கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் என்று ஒரு அரசு அறிவித்தது. 1914-இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2008-இல் அடுத்த அரசு ஓமந்தூரார் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனி நிறுவனம் ஒன்று வரைந்த திட்டம். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். 2011-இல் ஆட்சி மாறியதும் செயலகம் கோட்டைக்கே திரும்பியது. 2014 பிப்ரவரியில் அதே கட்டடம் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது.

மருத்துவமனையால் ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளுக்குப் பயன். அதை யாரும் குறை சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் இந்த விவாதம் முழுவதிலும் ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன். அந்தத் தோட்டத்தில் அரசினர் இல்லம் என்று ஒரு மாளிகை இருந்தது. 1753-இல் கம்பெனி ஒரு போர்த்துகீசியக் குடும்பத்துப் பெண்மணியிடமிருந்து வாங்கிய தோட்ட வீடு. பல ஆளுநர்கள் கைபட்டு வளர்ந்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. புதிய செயலகத்துக்காக 2008-இல் அதை இடித்தார்கள். எதற்காக இடித்தோமோ அந்தச் செயலகம் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் அங்கே இருந்தது.

பக்கத்திலேயே ராஜாஜி மண்டபம் தப்பியது. 1802-இல் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் வரைந்து கட்டியது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் நால்வரையும் தமிழ்நாடு கடைசியாகப் பார்த்தது அந்தப் படிக்கட்டில்தான். அந்தப் படிக்கட்டு இல்லாமல் போயிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? அரசினர் இல்லத்தைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

செயலகம் வேண்டும் என்ற தேவை உண்மை. இடிக்காமல் கட்டியிருக்கலாம் என்பதும் உண்மை.

கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். பழைய அரசுக் கட்டடம் ஒன்றில் எத்தனை ஊழியர்களை உட்காரவைக்கலாம் என்று திட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு மாணவி, திருச்சி

நல்ல கேள்வி கண்ணம்மா. உன் பேராசிரியர் முதலில் தளப்பரப்பைக் கணக்கிட்டுத் தலைக்கு இத்தனை சதுரஅடி என்று வகுக்கச் சொல்லியிருப்பார். அதை மூன்றாம் நாள் செய். முதல் நாள் டேப்பே எடுக்காமல் கட்டடத்துக்குள் நடந்து, அண்ணாந்து பார்.

மேலே என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம். வளைவுக் கூரை என்றால் ஒரு கதை. கோட்டைக்குள் 1680-இல் கட்டிய புனித மேரி தேவாலயத்தின் கூரை குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று கனமான செங்கல் வளைவாகவே கட்டியது. மெட்ராஸ் டெரஸ் என்றால் வேறு கதை. தேக்கு விட்டம், அதன்மேல் சின்னக் கட்டைகள், கட்டைகள்மேல் சிறு செங்கல்லைக் குறுக்காட்டமாக நிற்கவைத்த வரிசை, அதன்மேல் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓடு. அது மனிதர் நடமாடத் தாங்கும், மேசை நாற்காலி தாங்கும். காகிதம் தாங்காது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார். கட்டடச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ்.) 875-இன்படி, கோப்பு வைக்கத் தனி இடம் உள்ள அலுவலகத் தளத்துக்குக் கணக்கில் எடுக்கவேண்டிய சுமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. தனி இடம் இல்லாவிட்டால் 400. பதிவறைக்கு 500. அதாவது ஒரு அறையில் மேசையை எடுத்துவிட்டுக் கோப்பு அடுக்கினால் தரை மீது சுமை இரண்டு மடங்கு. நூற்றைம்பது வருடத் தேக்குக் கட்டைக்கு இந்த எண் எதுவும் தெரியாது.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஊரும் அலுவலகமும் வேண்டாம். பணியில் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். மாடியில் ஒரு பழைய ஹால், அதைப் பதிவறை ஆக்கியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே ஒரு பிரிவு. அந்தப் பிரிவின் டபேதார், அதாவது அலுவலக ஏவலர், என்னைத் தேடி வந்தார். "அம்மா, தினமும் காலையில மேசைமேல மாவு கொட்டியிருக்கு. துடைச்சா மறுநாளும் இருக்கு." போய்ப் பார்த்தேன். அரிசிமாவு மாதிரியே, விரலால் எடுத்தால் ஒட்டும். சுண்ணாம்பும் மரத்தூளும் கலந்தது. ஏணி போட்டு ஏறி, விட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்தேன். நடுவில் நூலுக்குக் கீழே மரம் மூன்று விரல்கடை தொங்கிக்கொண்டிருந்தது. விட்டம் சுவருக்குள் போகும் இடத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போனது. சுவருக்கு வெளியே ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர் இரண்டு வருடமாக அதே இடத்தில் இறங்கியிருக்கிறது. மேலே போனால் அந்த விட்டத்துக்கு நேராக வரிசையாகப் பதினேழு இரும்பு பீரோ. கோப்பு நிரம்பிய ஒரு பீரோ முந்நூறு கிலோவுக்குக் குறையாது.

அன்று மாலையே கீழ்ப் பிரிவைக் காலிசெய்து, சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். பீரோக்களை இறக்க நாலு நாள் ஆனது. பாதிக் கோப்புகள் அழிக்கவேண்டிய காலக்கெடு எப்போதோ தாண்டியவை. யாரும் பிரித்துப் பார்க்காததால் அங்கேயே இருந்தன. அந்த டபேதார் படித்தது எட்டாம் வகுப்பு. அந்தக் கட்டடத்தையும் கீழே உட்கார்ந்திருந்த பதினோரு பேரையும் காப்பாற்றியது அவர் கண்தான்.

ஆகவே உன் திட்டத்தில் முதலில் காகிதத்துக்கு இடம் ஒதுக்கு, அதுவும் தரைத்தளத்தில் அல்லது வேறு கட்டடத்தில். அடுத்து தண்ணீர்: கழிப்பறை, ஏசி, தண்ணீர் வடிகட்டி எல்லாம் பழைய சுவரிலிருந்து விலகி நிற்கவேண்டும். பின்புறம் தனியாக ஒரு சிறு கட்டடம் கிடைத்தால் அங்கே தள்ளிவிடு. அப்புறம் மின்சாரம். இதெல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் இடத்தில் எத்தனை பேர் என்று பார். எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அதை அப்படியே எழுது. "இந்தக் கட்டடத்துக்கு எந்த வேலை பொருந்தும்" என்று ஒரு பக்கமும் சேர்த்து எழுது. நீதிமன்ற அமர்வு, கூட்ட அரங்கு, நூலகம், உயர் அதிகாரியின் அறை, இவையெல்லாம் இருபதடி உயரக் கூரைக்குக் கீழே அழகாகப் பொருந்தும். நூறு பேர் தட்டச்சு செய்யும் பிரிவு பொருந்தாது.

ரிப்பன் மாளிகையை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா. 1913-இல் திறந்தது. மாநகராட்சி வளர்ந்து இடம் போதாமல் போனபோது பழையதைக் குடையாமல், பின்னால் புதிய மாளிகை கட்டி 2015-இல் திறந்தார்கள். மன்றக் கூடமும் மணிக்கூண்டும் முன்னால் அப்படியே இருக்கின்றன. இந்த ஊரில் நான் மனதாரப் பாராட்டும் இடத் திட்டமிடல் அது.

எங்கள் அலுவலகம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சுவர் உதிர்கிறது. சிமெண்ட் பூசினால் நிற்குமா?
— ஓர் அரசு ஊழியர், தஞ்சாவூர்

நிற்காது. முதல் வருடம் பளபளவென்று இருக்கும். இரண்டாம் மழையில் பாளம் பாளமாகக் கழன்று விழும், விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். பழைய சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளேயே சுற்றும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இன்னும் மோசம்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றி ஊறவைக்க வேண்டும், மணலோடு அரைக்க வேண்டும், கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. இங்கேதான் நம் நடைமுறை இடிக்கிறது. நிதி ஒதுக்கீடு வந்து, டெண்டர் விட்டு, வேலை தொடங்குவதற்குள் ஜனவரி ஆகிவிடும். மார்ச் 31-க்குள் எம்-புக் (வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகம்) எழுதி பில் போட்டாக வேண்டும். சுண்ணாம்புக்கு மார்ச் 31 தெரியாது. அதனால்தான் பல நல்ல பொறியாளர்களும் மனசில்லாமல் சிமெண்டுக்குப் போகிறார்கள். பழைய கட்டடப் பராமரிப்புக்கு இரண்டு நிதியாண்டு சேர்த்து அனுமதி தரவேண்டும் என்று நான் பணியில் இருந்தபோது பலமுறை எழுதினேன். இப்போதும் அதையே கேட்கிறேன்.

சென்னையில் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் ஒன்று இருக்கிறதாமே? பட்டியலில் சேர்ந்துவிட்டால் பயமில்லைதானே?
— ஒரு வாசகி, அடையாறு

பட்டியலில் 467 கட்டடங்கள், இடங்கள் உள்ளன. அது வந்த வழி விசித்திரமானது. விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு, எந்தெந்தக் கட்டடங்களைப் பலகைகள் மறைக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் தயாரித்தது. அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதை எதிர்த்த வழக்கில், 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் இடிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தபோது அந்தப் பட்டியலுக்கும் உயிர் வந்தது, பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் வந்தது. 2012-இல் மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது செயலுக்கு வரப் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்டியல் இடிப்பதைத் தடுக்கும். ஒழுகுவதைத் தடுக்காது. அரசுக் கட்டடத்துக்கு உரிமையாளர் ஒரு துறை, குடியிருப்பது இன்னொரு துறை, பழுது பார்ப்பது மூன்றாவது துறை. ஓட்டை ஒன்று என்றால் கடிதம் மூன்று. பட்டியலோடு கூடவே, பழுதுபார்ப்புக்கென்று தனி நிதித் தலைப்பில் கொஞ்சம் பணமும் ஒதுக்கினால்தான் பட்டியலுக்குப் பொருள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டியது. அடிமைச் சின்னம். எதற்காக நாம் செலவு செய்து காப்பாற்ற வேண்டும்?
— ஒரு வாசகர், மதுரை

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கட்டியது யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். பணமும் அதிகாரமும் அவன் பக்கம். கை நம்முடையது. மெட்ராஸ் டெரஸ் என்ற தளத்தை இங்கிலாந்திலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. தட்டோடு சுட்டவர்கள், கிளிஞ்சல் சுட்டவர்கள், பாட்டுப் பாடிக்கொண்டே நாள்கணக்கில் தளத்தைக் கட்டையால் அடித்து இறுக்கிய பெண்கள், எல்லாரும் இந்த மண்ணுக்காரர்கள். ரிப்பன் மாளிகையின் ஒப்பந்தக்காரர் லோகநாத முதலியார்.

அப்புறம், அந்தச் சுவர்களுக்குள் நடந்தது வெள்ளைக்காரன் கதை மட்டுமா? 1967 ஜூலை 18 அன்று இந்த மாநிலத்துக்குத் "தமிழ்நாடு" என்று பெயர் வைக்கும் தீர்மானம் நிறைவேறியது கோட்டைக்குள் இருக்கும் அந்த மன்றத்தில்தான். அங்கே இருக்கும் கறுப்புக் கல் தூண்களுக்கும் ஒரு கதை உண்டு. 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கழற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-இல் புதுச்சேரி விழுந்த பிறகு அவை திரும்பி வந்தன. இரண்டு அந்நியர்கள் சண்டை போட்டுக்கொண்டு இழுத்துப் போன தூண்களுக்கு நடுவே நின்று நம் ஊருக்கு நாமே பெயர் வைத்துக்கொண்டோம். அந்த இடத்தை நான் அடிமைச் சின்னமாகப் பார்க்க மாட்டேன்.

டெல்லியில் மட்டும் புது நாடாளுமன்றம் கட்டிக்கொண்டார்களே?
— ஒரு வாசகர், சேலம்

கட்டினார்கள், 2023 மே 28 அன்று திறந்தார்கள். 1927-இல் திறந்த பழைய வட்டக் கட்டடத்தை இடிக்கவில்லை, சம்விதான் சதன் என்று பெயரிட்டு வைத்துக்கொண்டார்கள். அந்தத் திட்டத்தில் எனக்கு ஒப்பாத விஷயங்கள் உண்டு. ஆனால் பக்கத்தில் புதியது கட்டிப் பழையதை வைத்துக்கொண்ட முறை சரி.

எங்கள் அலுவலகக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. சின்னதுதான், ஒரு முழம். பிடுங்கிவிடலாமா? மேலதிகாரியிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டுமா?
— ஓர் இளநிலை உதவியாளர், சென்னை

பிடுங்காதீர்கள் தம்பி. ஒரு முழக் கன்றுக்கு உள்ளே இரண்டு முழ வேர் இருக்கும். இழுத்தால் நாலு செங்கல் கூட வரும். மேலே மட்டும் வெட்டிவிட்டாலும் அடுத்த மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும்.

தண்டைச் சுவரை ஒட்டி ரம்பத்தால் அறுங்கள். வெட்டிய வாய் காய்வதற்குள் களைக்கொல்லியைத் தூரிகையால் அதன்மேல் தடவுங்கள், தெளிக்க வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாலித்தீன் துண்டு ஒன்றால் மூடிக் கட்டிவிடுங்கள். துளிர்க்கிறதா என்று இரண்டு மாதம் பாருங்கள். துளிர்த்தால் மறுபடி தடவுங்கள். வேர் செத்துக் காய்ந்தபிறகு கொத்தனாரை வைத்து இளகிய செங்கல்லை மட்டும் எடுத்து, வேரைத் துண்டு துண்டாக நீக்கி, சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். சிமெண்ட் வேண்டாம். ஆடி பிறக்குமுன் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் முடித்துவிடலாம்.

மேலதிகாரிக்கு எழுதுங்கள், அது முறை. ஆனால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உதவிப் பொறியாளரிடம் போனில் சொல்லிவிட்டு நாளைக்கே அறுங்கள். அறுப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்.